என் யோசிக்கிற முகமும் ஒரு தெருவின் பாயசமும்

மாடு பேசாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனேன். நோயாளி வாயைத் திறந்து கதை சொல்லத் தொடங்கிவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மாடு, ஆடு, கோழி என்றால் அந்தத் தொல்லை இல்லை பாருங்கள். ஆனால் மாட்டுக்குப் பின்னால் மாட்டுக்காரர் நிற்பார், அவருக்குப் பின்னால் அவர் வீட்டம்மா நிற்பார், அவர்களுக்குப் பின்னால் ஒரு தெருவே வந்து நிற்கும் என்பதைக் கல்லூரியில் எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. அதற்குள் அது அரசு வேலை ஆகிவிட்டது. பேச வேண்டியிருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன் என்று வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா?

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தபோது, உங்களில் ஒருத்தி கைபேசியில் ஒரு குணச் சோதனையை அனுப்பி வைத்தாள். கூட்டத்தில் நிற்கப் பிடிக்குமா, தனியே இருக்கப் பிடிக்குமா, முடிவெடுப்பது மனத்தாலா மூளையாலா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் உண்மையாகப் பதில் சொன்னேன். கடைசியில் நாலு ஆங்கில எழுத்தும் அவற்றுக்குக் கீழே ஒரு விளக்கமும் வந்தன. எதையும் அலசிப் பார்ப்பவர், தனிமை விரும்பி, உணர்ச்சியை முகத்தில் காட்டாதவர். இதைச் சொல்ல ஒரு சோதனை எதற்கு? என் வீட்டுக்காரரைக் கேட்டிருந்தால் தேநீர் குடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பார்.

அந்தப் பெண் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். தானும் இதே வகைதானாம். இந்த வேலைக்குத் தான் லாயக்கா என்று பயமாக இருக்கிறதாம். அவளுக்கான பதில்தான் இது. மற்றவர்களும் படிக்கலாம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் பேசாதவர்களிடம் பேனாவைக் கொடுத்தால் இதுதான் கதி.

முதலில் நம் பெருமையைப் பேசிவிடுவோம். அதை வேறு யாரும் பேசப்போவதில்லை.

பெரியகுளத்துப் பக்கம் ஒரு மாந்தோப்பில் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு விழுந்தன. தோப்புக்காரர் பதறிப்போய் ஊரையே கூட்டிவிட்டார். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தண்ணீர் என்றார் ஒருவர், பூச்சி மருந்து என்றார் இன்னொருவர், பக்கத்துத் தோப்புக்காரன் வேலை என்றார் மூன்றாமவர். எனக்கு முன்னால் போய்ப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஒரு கல்லைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன். மத்தியானம் முழுக்க ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் ஏறிக் குதிக்கிற, எதற்கும் முந்துகிற துணிச்சல்கார ஆடுகள்தான் விழுந்திருந்தன என்பது மெல்லப் புரிந்தது. ஓரமாக, யார் வம்புக்கும் போகாமல் நின்ற ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வெட்டிப் போட்ட அரளி குவிந்து கிடந்தது. அரளி எவ்வளவு விஷம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? காரணத்தைக் கண்டுபிடித்தது ஒரு பக்கம். கூச்சக்கார ஆடுகள் பிழைத்துக்கொண்டன என்பது அதைவிடப் பெரிய ஆறுதல். தோப்புக்காரருக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை.

ஆகவே, பெண்ணே, நம் வகைக்கு இது சொத்து. எல்லாரும் ஓடுகிற திசையில் ஓடாமல் நின்று பார்க்கத் தெரியும். சத்தத்துக்கு நடுவில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். யோசிப்பது நமக்கு வேலை இல்லை, விளையாட்டு. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போனால், நாம் ஒரு மாட்டின் கழிச்சலை நினைத்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருப்போம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் இதே குணம் ஒரு தெருவையே மினி லாரியில் ஏற்றி அனுப்பிய கதையும் உண்டு.

நான் அப்போது சின்னமனூர்ப் பக்கம் பணியில் இருந்தேன். புதுசு ஒன்றும் இல்லை. தலை பாதி நரைத்திருந்தது. மேற்கே கொஞ்சம் தள்ளி ஒரு கிராமம். ஒரு மாதா கோயில், அதைச் சுற்றித் தெருக்கள். பெரும்பாலும் திராட்சைத் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் வேலை செய்கிற குடும்பங்கள். அந்த ஊர்க்காரர் அந்தோணி ஒரு நாள் காலையில் போன் செய்தார். அவர்கள் வீட்டு மாடு செவலை, கன்று போட்டு ஒரு மாதம் ஆகிறது, அதற்கு வெறி பிடித்துவிட்டது, உடனே வாருங்கள் என்றார். வெறி என்று அவர் சொன்னது வெறிநாய்க்கடி நோயைத்தான்.

நானும் என் உதவியாளர் முருகேசனும் கிளம்பினோம். முருகேசனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் வாய் ஓயாதவர். போகிற இடத்திலெல்லாம் மாட்டுக்காரர்களின் மாமன் மச்சான் உறவுவரை விசாரித்துவிடுவார். நான் மாட்டைப் பார்ப்பேன், அவர் மனிதர்களைப் பார்த்துக்கொள்வார். அதை ஒரு ஏற்பாடாகவே பல வருடமாக வைத்திருந்தோம். எனக்கு வாய் இருக்கிறது என்பதே அந்த ஏற்பாட்டில் மறந்துபோயிருந்தது.

போய் இறங்கினால் தெரு முழுக்கக் கூட்டம், ஆனால் மாட்டிலிருந்து தள்ளி. செவலையை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். நல்ல கலப்பினப் பசு, பார்த்தாலே பால்காரி என்று தெரியும். வாயெல்லாம் நுரை ஒழுகிக்கொண்டிருந்தது. மரத்தை நக்கியது, கயிற்றை நக்கியது, தன் விலாவையே விடாமல் நக்கியது. நடுநடுவே தலையைத் தூக்கி ஒரு கத்தல். அந்தோணியின் மனைவி செல்வராணி மட்டும்தான் பக்கத்தில் நின்றாள். கிட்ட நிக்காதே, தள்ளி வா என்று பெண்கள் அவளை அதட்டிக்கொண்டே இருந்தார்கள்.

தெருவின் பயத்துக்குக் காரணம் மாடு மட்டும் இல்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாதா திருவிழா. பொது விருந்துக்குப் பாயசம். பால் செவலையுடையது, செல்வராணி காணிக்கையாகக் கேனோடு கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள். அழைத்த இடத்துக்கெல்லாம் போகிற முருகேசனும் சாப்பிட்டிருந்தார், இரண்டாம் தரமும் வாங்கி.

நான் கையுறை மாட்டிக்கொண்டேன். நீங்களும் சந்தேகம் என்று ஒரு சொட்டு இருந்தாலும் மாட்டாமல் தொடாதீர்கள். பிறகு மாட்டுக்கு எதிரே போய் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன். உள்ளே எனக்குத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. வெறிநோய் என்றால் விழுங்க முடியாதே, இது எச்சிலை விழுங்குகிறதே. பின்னங்கால் தள்ளாடவேண்டுமே, இது ஊன்றி நிற்கிறதே. கன்று போட்டு ஒரு மாதம். நிறையப் பால். உடம்பு வற்றியிருக்கிறது. நக்கல், நக்கல், விடாத நக்கல். பால் கறக்கிற வேகத்துக்குத் தீனி ஈடுகொடுக்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி இப்படிப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடுகிற பசுக்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை.

ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அன்று நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது. விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தண்ணீரை முன்னால் நகர்த்தி வைத்தேன். செவலை மூக்கை விட்டு மடமடவென்று குடித்தது. எனக்குள்ளே பெரிய நிம்மதி. துள்ளிக் குதிக்காத குறைதான். ஆனால் என் முகம் எப்போதும்போல் இருந்திருக்கிறது. யோசிக்கும்போது என் முகம் சாவு வீட்டுக்கு வந்தவள் முகம்போல் ஆகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கச் சுவர் ஓரமாகப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இதைத் தெரு எப்படிப் பார்த்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. டாக்டரம்மா வந்தாக, மாட்டைப் பார்த்தாக, ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொடுத்தாக. சாகப் போகிற உயிருக்குக் கடைசியாக வாயில் தண்ணீர் விடுகிற வழக்கம் நம் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. டாக்டரம்மாவே கடைசித் தண்ணி குடுத்துட்டாக என்று ஒருத்தி விசும்ப, அது தெருமுனைக்குப் போவதற்குள் பாயசம் சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் கெடு வைத்ததாக ஆகியிருந்தது.

கோயில் மணி அடித்தது. எனக்கும் கேட்டது. வேளைப் பூசை போலிருக்கிறது என்று நினைத்தேன். மணி அடித்தவர் உபதேசியார், அதாவது சாமியார் இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லாரும் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தாராம். வாழைத்தார் ஏற்றுகிற மினி லாரி ஒன்று வந்து நின்றது. அதன் சத்தமும் என் காதில் விழத்தான் செய்தது. பிள்ளைகள் அழுத சத்தமும். அதெல்லாம் வேறு ஏதோ ஊரில் நடப்பதுபோல எனக்கு இருந்தது. நம் வகை ஆட்கள் யோசனைக்குள் போய்விட்டால் கதவைச் சாத்திக்கொண்டுவிடுவோம், வெளியே வீடு எரிந்தாலும் தெரியாது.

திரும்பிப் பார்த்தபோது தெரு காலி. பெண்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை. முருகேசனும் இல்லை. மினி லாரியில் முதலில் ஏறியவர்களில் அவரும் ஒருவர் என்றார்கள். என் வாயாக இருந்தவர் லாரி ஏறிப் போய்விட்டார். மிச்சம் இருந்தது அந்தோணி, செல்வராணி, உபதேசியார், இன்னும் சில ஆண்கள். அந்தோணியின் கண் கலங்கியிருந்தது.

உபதேசியார் நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"ஊசியப் போட்டு முடிச்சு விட்ருங்க டாக்டரம்மா. பிள்ளகுட்டிக நடமாடுற தெரு. அந்தோணியும் சரின்னுட்டான்."

நான் செல்வராணியைப் பார்த்தேன். அவள் சரி என்று சொல்லவில்லை என்பது அவள் கயிற்றைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. அந்தப் பசுவும் தோட்டத்துக் கூலியும்தான் அந்த வீடு. அதற்கும் மேலே, மாதாவுக்கென்று கொடுத்த பாலால் ஊருக்கே கேடு வந்தது என்ற பேச்சு அவள் ஆயுசுக்கும் அந்தத் தெருவில் நிற்கும். செவலை செத்துப்போனால் அது உண்மையாகவே ஆகிவிடும்.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். அவர்களிடம் பேசாமல், தள்ளிப் போய் போனை எடுத்துப் போடியில் பணியில் இருந்த என் வகுப்புத் தோழியை அழைத்தேன். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் வெறிநோயாக இருக்காது, ஏன் சர்க்கரைக் குறைவாக இருக்கும், எந்தச் சோதனையில் தெரியும், காய்ச்சிய பாலில் எப்படியும் பயமில்லை என்று வரிசையாக, அழகாக, ஒரு பிசிறு இல்லாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அவள் பொறுமையாகக் கேட்பதே அதிசயம். பிறகு சொன்னாள்:

"எனக்கு நல்லாப் புரிஞ்சிருச்சு. நான் பயப்படவே இல்ல. அங்கன நிக்கிறாகளே, அவுககிட்ட இதுல எதையாச்சும் சொன்னியா?"

அது வந்து என்று இழுத்தேன். இழுத்ததிலேயே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். எனக்குக் காது சுட்டது.

திரும்பி வந்து பேசினேன். முதல் தடவை சொதப்பினேன். வெறிநோயாக இருப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றேன். உபதேசியார் அப்படியானால் கொஞ்சமாவது இருக்கிறது அல்லவா என்று கேட்டார். சோதனை செய்யாமல் முழுவதுமாக இல்லை என்று சொல்ல முடியாது என்றேன். அது முழு உண்மை. அந்த முழு உண்மையைக் கேட்டதும் அந்தோணி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முடிவைச் சொல்கிறேன். முடிவுக்கு வந்த வழியைச் சொல்லவில்லை. வழி தெரியாதவர்களுக்கு என் முடிவும் ஒன்றுதான், வெறும் புரளியும் ஒன்றுதான்.

"நான் மனசுக்குள்ள யோசிக்கிறத இப்ப சத்தமாச் சொல்லப் போறேன். எல்லாரும் கேளுங்க. எங்கயாச்சும் தப்பாப் பட்டா நிறுத்துங்க" என்றேன்.

என் வாழ்க்கையில் அதுவரை அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து வைத்ததுபோல இருந்தது. தண்ணீர் ஏன் கொடுத்தேன் என்று சொன்னேன். வெறி பிடித்த மாடு இப்படிக் குடிக்காது என்றேன். உபதேசியார் வாளியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். அப்போ அது கடைசித் தண்ணி இல்லையா என்று கேட்டார். என்ன கடைசித் தண்ணி என்று நான் கேட்டேன். விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன். நான் சிரித்ததைப் பார்த்ததும் அந்தோணி மெல்ல எழுந்தார். அத்தனை நேரம் நான் மூளையைக் கசக்கிக்கொண்டு சேர்த்த காரணங்கள் செய்யாததை அந்தச் சிரிப்பு செய்தது.

அப்புறம் தீனியைப் பற்றிச் சொன்னேன். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிய மாடு முதலில் தவிடும் புண்ணாக்கும் வேண்டாம் என்று ஒதுக்கும், வைக்கோலை மட்டும் மெல்லும், இது என்ன செய்ததோ தெரியவில்லை என்றேன். செல்வராணி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அதேதான் டாக்டரம்மா. திருவிழாவுக்கு முன்னாடியிருந்தே புண்ணாக்க மோந்துட்டு விட்ருது. வைக்கோலத்தான் திங்கிது. வாயில ஒரு மாதிரி அழுகுன பழ வாட வேற அடிச்சுது."

"இத ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே. நீங்க நின்ன நிப்பப் பாத்து வாயத் தொறக்கப் பயமா இருந்துச்சு."

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் நான் நின்று ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன். பேசாமல் இருந்தால் மற்றவர்கள் பயப்படுவார்கள் என்பது மட்டும்தான் நம் குறை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அது சின்னக் குறை. பெரிய குறை வேறு. தனியாக யோசிக்கிறவர்களுக்குத் தங்கள் தலைக்குள் இருக்கிற சரக்கு மட்டும்தான் கையில் இருக்கும். நோயின் பாதிக்கதை செல்வராணியிடம் இருந்தது. நான் என் மௌனத்தால் அதைப் பூட்டி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு ஆராய்ச்சி செய்திருக்கிறேன்.

இனி சோதனை. அதற்கு மாடு சிறுநீர் விட வேண்டும். என் பெட்டியில் இருந்த பொடியில் ஒரு சொட்டு பட்டால் போதும், ஊதா நிறம் வந்தால் நான் நினைத்தது சரி. வால் கீழே தடவிக்கொடுத்தால் பசுக்கள் விடும் என்பது உங்களுக்குத் தெரியும். செவலைக்கு யாரும் சொல்லவில்லைபோல. நானும் செல்வராணியும் மாறி மாறித் தடவினோம். அந்தோணி ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். ஆண்கள் எல்லாரும் அரை வட்டமாக வந்து நின்றுவிட்டார்கள். தள்ளி நின்ற ஊர் எப்போது பக்கத்தில் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. ஒருவர் குழாயைத் திறந்துவிட்டால் அந்தச் சத்தத்தில் வரும் என்றார். திறந்துவிட்டார்கள். மாட்டுக்கு வரவில்லை, வேறு இரண்டு பேர் வீட்டுக்குள் போய்விட்டு வந்தார்கள். உபதேசியார் உதடு அசைவதைப் பார்த்தேன், செபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பசுவின் மூத்திரத்துக்காக இவ்வளவு பக்தியோடு ஒரு ஊர் காத்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த நேரம் முழுக்க நான் பேசிக்கொண்டிருந்தேன். ஊதா வந்தால் என்ன, வராவிட்டால் அடுத்து என்ன, காய்ச்சிய பாலில் வெறிநோய் பரவாது என்பதால் பாயசத்தால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று ஒன்றுவிடாமல். கேள்வி கேட்டார்கள். சில நல்ல கேள்விகள். பதில் தெரியாதபோது தெரியாது என்றேன். அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

செவலை வாலைத் தூக்கியது. டம்ளர் நிறைந்தது, அந்தோணியின் சட்டையும் நனைந்தது. பொடியில் சொட்டு விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக, பிறகு நல்ல ஊதாவாக ஏறியது. கத்தரிப்பூக் கலர் என்றார் ஒருவர். டம்ளரும் பொடியும் கைக்குக் கை போய்வந்தன.

செல்வராணி மட்டும் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"கலர விடுங்க. பொழைக்குமா டாக்டரம்மா?"

என் நாக்கில் எல்லாம் தயாராக இருந்தன. பெரும்பாலும். பொதுவாக. சிகிச்சைக்கு எப்படி உடம்பு ஒத்துழைக்கிறது என்பதைப் பொறுத்து. அலசிப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சொற்கள் எல்லாம் கைத்தடி மாதிரி, இல்லாமல் நடக்க மாட்டோம். ஆனால் கையில் தண்ணீர் குடித்த சாட்சி இருந்தது, தீனியை ஒதுக்கிய சாட்சி இருந்தது, ஊதா நிறம் இருந்தது. இவ்வளவு இருந்தும் ஆனால் என்று ஒரு சொல்லைப் போட்டுப் பேசினால் அது நேர்மை இல்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்கிற தந்திரம்.

"பொழைக்கும்" என்றேன்.

அவள் கயிற்றை விட்டுவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். அதுவரை அழவில்லை.

குளுக்கோஸ் ஏற்றியதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கத்தல் முதலில் நின்றது. பிறகு நக்கல் குறைந்தது. அந்த இடைவெளியில் முருகேசனுக்குப் போன் போட்டேன். பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நிற்பதாகச் சொன்னார். அங்கே இருந்த டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். பாவம் அந்த மனிதர், என்ன கடி என்று கேட்டால் ஒரு லாரி ஜனம் மொத்தமும் பாயசம் என்கிறதே என்று குழம்பிப்போயிருந்தார். நான் விவரம் சொன்னேன். தெரியாத ஒருவரிடம் போனில், அதுவும் நானாகவே கூப்பிட்டு. பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, காய்ச்சிய பாலால் பயமில்லை என்று அவர் தைரியம் சொல்லி அனுப்பினாராம்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மினி லாரி திரும்பி வந்தது. எல்லாருக்கும் முன்னால் முருகேசன் இறங்கினார். வெறிநோய் இல்லை என்று தனக்கு அப்போதே தெரியும் என்றும், ஜனங்களுக்குத் துணையாகத்தான் போனதாகவும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சில இடத்தில் பேசாமல் இருப்பதற்கும் அருமை உண்டு.

செவலை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் வந்து பார்த்தார்கள். நல்லாயிருச்சே ஆத்தா என்று ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சந்தோஷம்தான். ஆனாலும் யாரும் செல்வராணி வீட்டு வாசலுக்கு வரவில்லை. தெருவுக்கு நடுவிலேயே நின்றார்கள். மாடு பிழைத்துவிட்டது, அதன் பால் இன்னும் பிழைக்கவில்லை. டாக்டர் சொன்னார், டாக்டரம்மா சொன்னாக என்பது காதுக்குப் போதும், வயிற்றுக்குப் போதாது. அதைச் செல்வராணியும் பார்த்தாள். மடியில் பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க அவள் அந்திப் பாலைக் கறந்து பாத்திரத்தோடு கையில் வைத்திருந்தாள். அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றாள்.

நான் மாட்டுக்காரர்கள் வீட்டில் எதுவும் குடிப்பதில்லை. சுத்தம் பார்த்து இல்லை. காப்பி என்று உட்கார்ந்தால் பேச்சுக் கொடுக்க வேண்டுமே, அதற்குப் பயந்து. அன்றைக்கு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன்.

"செல்வராணி, தலை வலிக்குது. இந்தப் பால நல்லாக் காய்ச்சி ஒரு காப்பி போட்டுத் தா" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது.

அவள் உள்ளே ஓடினாள். பால் பொங்குகிற சத்தம் கேட்டது. டம்ளர் வந்தது. தெரு முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பத்துப் பேர் பார்த்தால் சோறு இறங்காத எனக்கு, அத்தனை கண்ணுக்கு முன்னால் காப்பி இறங்கியது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். குடித்துவிட்டு, உபதேசியாரைப் பார்த்து வாருங்கள் உட்காருங்கள் என்றேன். அவர் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் வந்தது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அப்புறம் அடுத்த வீடு. பால் போதாமல் செல்வராணி தண்ணீர் கலந்தாள். எல்லாருக்கும் நடுவில் நான் இருட்டும்வரை உட்கார்ந்து கதை கேட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் நம்பவில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. சர்க்கரை இறங்கிய பசுவின் பாலில் நோயின் வாடை கொஞ்சம் ஏறியிருக்கும். கெடுதல் ஒன்றும் இல்லை, ருசிதான் மட்டம். அந்தக் காப்பி சகிக்கவில்லை. நல்லாருக்கா டாக்டரம்மா என்று செல்வராணி கேட்டாள்.

எந்தத் தகவலையும் அரைகுறையாகச் சொல்லிப் பழக்கமில்லாத நான், இன்னொரு டம்ளர் கேட்டேன்.